கன்னியாகுமரிக்குப் பதினொரு மீட்டர்

சங்கீதா இருபத்தொன்றாவது நாளாக மதுரையில் நின்றாள்.

நின்றாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு, இரண்டு காலையும் முன்னால் நீட்டியபடி, எதிரே தெரிந்த கன்னியாகுமரி மேடையைப் பார்த்துக்கொண்டே அவள் வேகம் இழந்தாள். ஒரு நொடி அந்தரத்தில் அசையாமல் இருந்தாள். பிறகு வந்த வழியே பின்னோக்கி உருண்டு, முன்னும் பின்னும் ஊஞ்சல்போல ஆடி, வேலூரில் ஓய்ந்தாள். மேடைக்கும் அவள் எட்டிய இடத்துக்கும் நடுவே பதினொரு மீட்டர். நேற்றும் பதினொன்று. முந்தாநாள் பதினொன்றரை, அன்றைக்கு எதிர்க்காற்று கொஞ்சம்.

பெருமாள் மேடையிலிருந்து இறங்கி, வேலூர்வரை நடந்து வந்து கயிற்றை வீசினார். மேடைக்கு வந்து சேராதவர்களை இழுத்துச் சேர்ப்பதுதான் அவர் வேலை.

"புடிச்சுக்கம்மா. இன்னா, மீனாட்சியம்மனைக் கும்பிட்டுத் திரும்பிட்டியா?"

"இழுங்கண்ணே. பேச்சு அப்புறம்."

"அர்ச்சனைத் தட்டு கூட இல்லாம தினம் போறியே, அம்மன் இன்னா நெனைக்கும்?"

பெருமாள் தொண்ணூற்றொரு கிலோ. அதே கம்பியில் அவர் வந்தால் மேடையில் இருக்கும் ஸ்பிரிங்கில் மோதி, மேடையே ஒருமுறை அதிர்ந்து அடங்கும். அவரை நிறுத்தாத கம்பி நாற்பத்துநாலு கிலோ சங்கீதாவை ஏன் நிறுத்துகிறது என்பது அவளுக்கு விளங்கவில்லை.

இத்தனை ஊர்கள் ஒரே கம்பியில் வந்து சேர்ந்ததற்குக் காரணம் வக்கார் அகமது. ஆம்பூரில் முப்பது வருடம் ஷூ ஏற்றுமதி செய்தவர். தொழிற்சாலையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஓய்வு பெற்றவர்கள் செய்யவேண்டியது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டு வருடம் நாடு முழுக்கச் சாகச விடுமுறைக்குப் போய்வந்தார். லடாக்கில் மூச்சு வாங்கியது. ரிஷிகேஷில் படகு கவிழ்ந்தது. ஜெய்சால்மரில் ஒட்டகம் அவர் மேல் துப்பியது. மேகாலயாவில் அட்டை கடித்தது. இவ்வளவு கஷ்டத்தையும் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைக் கண்கூடாகப் பார்த்த பிறகு, அதையெல்லாம் ஆம்பூரிலேயே, ஒரே டிக்கெட்டில், மதியச் சாப்பாட்டோடு கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மலையடிவாரத்தில் பதினான்கு ஏக்கரில் 'ஆல் இந்தியா அட்வென்சர்' உருவானது. வாசல் பலகையில், 'ஒரே நாளில் பாரதம் – மாலை ஐந்து மணிக்குள்' என்று எழுதியிருந்தது.

காஷ்மீர் என்பது பதனிடாத பச்சைத்தோலை அடுக்கி வைத்திருந்த பழைய குளிர்கிடங்கு. சுவருக்கு வெள்ளையடித்து, இரண்டு பிளாஸ்டிக் தேவதாரு நட்டு, உள்ளே போகிறவர்களுக்குக் கம்பளிக் குல்லா கொடுத்தார்கள். தோல் வாடை மட்டும் போகவில்லை. யாராவது கேட்டால், அது ஆட்டு மந்தைகள் நிறைந்த பிரதேசம் என்று சொல்லும்படி பணியாளர்களுக்கு உத்தரவு. ராஜஸ்தான் என்பது நாற்பது லோடு மணலும் ஓர் ஒட்டகமும். கல்யாண ஊர்வலங்களில் பழகிய ஒட்டகம் அது; பேண்டு வாத்தியம் கேட்காமல் ஓரடி எடுத்து வைக்காது. ஆகவே பாலைவனத்தின் நடுவில் ஒரு ஸ்பீக்கர். ரிஷிகேஷ் என்பது ஒரு சிமெண்ட் கால்வாய். மோட்டார் ஓடினால் கங்கை வரும், கரண்ட் போனால் படகு தரை தட்டும். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் மகுடமாக ஒரு ஜிப்லைன். இருநூற்று நாற்பது மீட்டர் கம்பி. மேட்டில் இருக்கும் கோபுரத்துக்கு இமயம் என்று பெயர், கீழே முடிகிற மேடைக்குக் கன்னியாகுமரி. நடுவே கம்பிக்கு அடியில் தரையில் வரிசையாகப் பலகைகள்: டெல்லி, போபால், ஹைதராபாத், வேலூர், மதுரை. இரண்டு முனையில் கட்டிய எந்தக் கம்பியும், துணி காயப்போடும் கொடி போல, நடுவில் தொய்யும். இந்தக் கம்பியில் அந்தத் தொய்வின் அடிமட்டம் முக்கால்வாசித் தூரத்தில், வேலூர்ப் பலகைக்கு நேர் மேலே இருந்தது. அதுவரை இறக்கம், அதற்கப்புறம் மேடைவரை லேசான ஏற்றம். இறக்கத்தில் சேர்த்த வேகத்தை ஏற்றத்தில் செலவழித்து, மீதி இருப்பவர் மேடையில் இறங்குவார். மீதி இல்லாதவர், கிண்ணத்தில் போட்ட கோலிக்குண்டு போல, அடிமட்டத்துக்கே திரும்புவார். பிழைக்க வெளியூர் போன வேலூர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று பெருமாள் சொல்வார்.

அந்தக் கம்பிக்குச் சங்கீதா சூப்பர்வைசர். கழுத்தில் விசில், கையில் பதிவேடு. அதற்கு முன் ஆறு வருடம் ஒரு ஷூ தொழிற்சாலையின் சோதனை அறையில் இருந்தாள். அங்கே ஓர் இயந்திரம் ஷூவின் அடியை லட்சம் முறை மடக்கும். எந்த மடிப்பில் விரிசல் விழுகிறது என்று எண்ணி எழுதவேண்டும். ஆறு வருடத்தில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை, எண்ணிக்கையைத் தவிர. இந்த வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, ஜோலார்பேட்டையில் தனியாக ரயில் ஏறி, நிஜ இமயத்தில் ஒரு மலைப்பயிற்சிப் பள்ளியில் இருபது நாள் தங்கிச் சான்றிதழ் வாங்கி வந்தாள். அங்கேயும் கம்பி இருந்தது. அங்கே அவள் நடுவழியில் நின்றதே இல்லை.

வக்கார் அகமதுவின் விதி ஒன்று: தினமும் காலையில் முதல் ஆளாக சூப்பர்வைசர் போகவேண்டும். யாருடைய கயிறும் படாமல் மேடையில் இறங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்கள். தரம் பார்ப்பவர் முதலில் தன் காலை ஷூவுக்குள் விடவேண்டும் என்று முப்பது வருடம் சொல்லி வந்தவர். விதியில் தவறு சொல்ல முடியாது. இருபத்தொரு நாளாக அவளுக்குப் பதில் பெருமாள் போய் இறங்க, அவர் பேருக்கு நேரே அவள் 'பார்த்தேன்' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளைக்கும்மா பாத்துக்கினே இருப்ப?" என்றார் வக்கார் அகமது, புதன்கிழமை காலை. "இது பயம். வேற ஒண்ணும் இல்ல. நீ மேல இருந்து கெளம்பும்போதே மனசு பின்னால இழுக்குது. மனசு இழுத்தா உடம்பு எப்படி முன்னால போகும்?"

மனதுக்கு எத்தனை கிலோ இழுவை என்று அவர் சொல்லவில்லை.

"எனக்கு பயம் இல்ல சார்."

"உனக்கு மட்டும் சொல்லல. ரிஜிஸ்டரைப் பாரு. போன லேடீஸ் அறுவத்து மூணு. கன்னியாகுமரி போனது அஞ்சு. ஜென்ட்ஸ்ல நிக்கறது ரொம்பக் கம்மி. இதுக்கு இன்னா சொல்ற?"

பதிவேடு சொன்னது உண்மைதான். எண்களை அவள் கையாலேயே எழுதியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை தையல் செக்ஷன்லேர்ந்து நாப்பது பொம்பளைங்க வர்றாங்க. நாப்பது பேரையும் பெருமாள் கயிறு போட்டு இழுத்தா இது அட்வென்சரா, கிணத்துல தண்ணி சேந்துறதா? அன்னைக்குக் காலைல நீ போய் இறங்கு. இறங்கலன்னா விசிலை சூரியபிரகாஷ் கிட்ட குடுத்துட்டு டிக்கெட் கவுண்டருக்குப் போயிடு. லேடீஸ் எல்லாம் மாடத்துல உக்காந்து பாக்கட்டும். கவுண்டர்ல ஏசி இருக்கும்மா, பேஜாரே இல்ல."

சூரியபிரகாஷ் டிக்கெட் கிழிக்கிறவன். அவனுடைய ஒரே தகுதி ஒருமுறை கன்னியாகுமரியில் இறங்கியதுதான்.

சங்கீதா பதிவேட்டை மூடினாள். சோதனை அறையில் அவள் கற்றது ஒன்றே ஒன்று: ஒரு ஷூ பிய்ந்தால் தோலையும் பசையையும் நூலையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்க்கக் கூடாது. மூன்றையும் மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரியாக்கியது என்று கடைசிவரை தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்றவேண்டும். மற்றவை அப்படியே இருக்கவேண்டும்.

புதன்கிழமை அவள் ட்ராலியை மாற்றினாள். கம்பியில் ஓடுகிற இரட்டைச் சக்கரத்துக்கு அங்கே ட்ராலி என்று பெயர். பெருமாளின் ட்ராலியில் அவள் போனாள், மதுரை. அவளுடைய ட்ராலியில் பெருமாள் போனார்; மேடை அதிர்ந்தது. சக்கரத்தில் கோளாறு இல்லை.

வியாழக்கிழமை கம்பியை முழு நீளத்துக்கும் துடைத்தாள். மதுரை.

வெள்ளிக்கிழமை எடையைச் சோதித்தாள். ராஜஸ்தானிலிருந்து மணல் அள்ளி ஒரு சாக்கில் கட்டி, தோல் நிறுக்கிற தராசில் வைத்து, சரியாக நாற்பத்துநாலு கிலோவுக்குக் கொண்டுவந்தாள். தனக்கு மாட்டும் அதே பெல்ட்டை மூட்டைக்கு மாட்டி, இமயத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிட்டாள்.

மூட்டை டெல்லியைத் தாண்டியது, போபாலைத் தாண்டியது, வேலூரில் விசிலடித்துக்கொண்டு இறங்கி, மதுரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கன்னியாகுமரியில் போய் மோதியது. பெருமாள் ஒதுங்கிக்கொண்டதால் பிழைத்தார்.

ஆகவே எடையும் காரணமில்லை. அவளுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் அதன் அர்த்தம் புரிந்தது. ட்ராலி சரி, கம்பி சரி, எடை சரி என்றால் மிச்சமிருக்கும் கோளாறு அவள்தான்.

செய்தி கேட்டு வந்த வக்கார் அகமது மூட்டையை வாஞ்சையோடு தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா. மூட்டைக்கு பயம் இல்ல. அதான் போச்சு. இதுக்கே விசிலை மாட்டிடலாம் போல."

சனிக்கிழமை காலை சைரா வந்தாள். தையல் பிரிவுக்காரி; தொழிற்சாலையில் சங்கீதாவோடு சேர்ந்து டிபன் சாப்பிட்டவள், நாற்பது பேருக்கும் தலைவி. மறுநாள் வருகிறவர்கள் எங்கே சாப்பிடுவது, எங்கே தொழுவது, எங்கே பை வைப்பது என்று பார்க்க வந்தாள். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கம்பியைப் பார்த்தாள்.

"சங்கீ, நான் ஒரு தரம் போறேன். நாளைக்கு இவளுங்க கேப்பாளுங்க, பயமா இருக்குமான்னு."

"பயமா இருக்கா உனக்கு?"

"எட்டு மணி நேரம் மிஷின்ல உக்காந்து, மணிக்கு எண்பது ஜோடி தைக்கலன்னா சூப்பர்வைசர் பேசற பேச்சு கேட்டவ நான். இது இன்னா, கம்பிதானே."

சைரா ஐம்பத்திரண்டு கிலோ. சிரித்துக்கொண்டே குதித்தாள், டெல்லியில் பாட்டுப் பாடினாள், ஹைதராபாத்தில் கையசைத்தாள். மதுரையில் நின்றாள். அவளை இழுத்துச் சேர்த்த பிறகு, காட்பாடிக் கல்லூரியிலிருந்து வந்த ஓர் ஒல்லிப் பையன், நாற்பத்தேழு கிலோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி வந்து ஒழுங்காக மேடையில் இறங்கினான்.

பயந்தவன் சேர்ந்தான், பாடினவள் நின்றாள். வக்கார் அகமதுவின் கொள்கை அங்கேயே முடிந்துபோனது. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

சங்கீதா பதிவேட்டின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு எழுதினாள். இந்தப் பக்கம் தானும் சைராவும், அந்தப் பக்கம் மூட்டையும் பையனும். அவர்களிடம் இல்லாமல் இவர்களிடம் மட்டும் இருப்பது எது? ஹெல்மெட் பையனுக்கும் உண்டு. கையுறையும் உண்டு. பெல்ட் நாலு பேருக்கும் ஒன்று. எழுதிக்கொண்டே வந்தவள் கை, தன் முழங்காலில் படிந்திருந்த நீலத் துணியில் நின்றது.

கோட்டு.

ஆம்பூர்த் தொழிற்சாலைப் பெண்கள் எல்லோரும் புடவைக்கோ சுடிதாருக்கோ மேலே ஒரு நீலக் கோட்டு மாட்டுவார்கள். காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவது. கொஞ்ச நாளில் அது துணி என்பதே மறந்துபோகும். வக்கார் அகமது சாகசப் பூங்காவைத் திறந்தபோது, பெண்கள் அந்தரத்தில் போகையில் உடை பறந்தால் மானம் போய்விடும் என்று, தொழிற்சாலையில் மிஞ்சிய இருநூறு கோட்டுகளைக் கொண்டுவந்து கட்டாயமாக்கியிருந்தார். எல்லாமே எக்ஸ்ட்ரா லார்ஜ். கால் பக்கம் கைவண்டிக்கு மூடு துணி போடுகிற அளவுக்கு அகலம். பயிற்சிப் பள்ளியில் அவள் கோட்டு போடவில்லை, டிராக் பேண்ட்.

"அண்ணே, மூட்டைய மேல ஏத்துங்க."

"திருப்பியுமா?"

"இந்தத் தடவை கோட்டு போட்டு."

பெருமாள் மூட்டைக்குக் கோட்டு மாட்டிவிட்டு, பட்டனையும் போட்டார். "பாவம், நேத்து வரைக்கும் ஆம்பளையா இருந்துச்சு," என்றார்.

மூட்டை கிளம்பியது. டெல்லி தாண்டியதும் கோட்டின் கீழ்ப்பக்கம் விரிந்தது. போபாலில் குடையாயிற்று. ஹைதராபாத்தில் பாராசூட்டாயிற்று. வேலூரைக் களைப்போடு கடந்து, மதுரைவரை ஏறி, ஒரு நொடி யோசித்து, பின்னோக்கி உருண்டது. சைரா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

வேலூருக்கு மேலே நீலக் கோட்டு போட்டுத் தொங்குகிற மணல் மூட்டையைப் பார்த்ததும் வக்கார் அகமது அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார்.

"இது இன்னா வேலை?"

"மூட்டைக்கு பயம் வந்துடுச்சு சார்," என்றாள் சங்கீதா. "நேத்து வரைக்கும் தைரியமாத்தான் இருந்துச்சு."

அவர் உடனே ஒத்துக்கொள்ளும் ஆள் இல்லை. முப்பது வருடம் வெளிநாட்டு வாங்குபவர்களிடம் குறை ஷூவில் இல்லை, உங்கள் காலில் என்று சொல்லிப் பழகியவர். பெருமாளைக் கூப்பிட்டு, அவருக்கு ஒரு கோட்டு மாட்டி, இமயத்துக்கு அனுப்பினார். பெருமாள் கோட்டோடு வந்து கன்னியாகுமரியில் இறங்கினார்.

"போயிட்டான்ல? அப்ப கோட்டு இல்ல. உன் கணக்கு தப்பு."

"இறங்குனாரு சார். ஆனா மேடை அதிர்ந்துச்சா?"

வக்கார் அகமது யோசித்தார். அதிரவில்லை. பெருமாள் முதல்முறையாக, பூனை மாதிரி வந்து இறங்கியிருந்தார்.

"முன்னால இழுக்கறது எடை சார். பின்னால புடிக்கறது காத்து. காத்துக்கு ஆளோட எடை தெரியாது, துணியோட அகலம்தான் தெரியும். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே கோட்டு, அதனால காத்து ரெண்டு பேரையும் ஒரே அளவுக்குப் புடிக்குது. அவருக்கு முன்னால இழுக்க தொண்ணூத்தொரு கிலோ இருக்கு, எனக்கு அதுல பாதி கூட இல்ல. அவரு வேகம் கம்மியாவும். நான் நின்னுடுவேன். ரிஜிஸ்டர்ல போய்ச் சேர்ந்த அந்த அஞ்சு லேடீஸ் யாருன்னு பாருங்க, எல்லாம் எண்பது கிலோவுக்கு மேல."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். எடைக்கு ஒரு பத்தி போடச் சொன்னதும் அவர்தான்.

"சரி. இருக்கட்டும். ஆனா கோட்டைக் கழட்ட முடியாது. கீழ நிக்கறவன் ஒவ்வொருத்தன் கையிலயும் போன் இருக்கு. நாளைக்கு ஊர்ல என் பேரு இன்னா ஆகும்?"

சங்கீதா சைராவைப் பார்த்தாள். சைரா இந்த இடத்தில் தன் பக்கம் பேசுவாள் என்று நினைத்தாள்.

"அது சரிதான் சங்கீ," என்றாள் சைரா. "கோட்டு இல்லாம நான் போக மாட்டேன். எவளும் போக மாட்டா."

இரண்டு நிமிடத்துக்கு முன்பு தீர்ந்துபோன பிரச்சினை திரும்ப வந்து நின்றது. கோட்டு இருக்கவேண்டும், ஆனால் காற்றுக்கு அது இருப்பது தெரியக் கூடாது.

கோட்டு விரியாமல் கட்டவேண்டும். கட்ட நாடா வேண்டும். ஆம்பூரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வரலாம், ஷூ லேசுக்கு வராது. ஸ்டோரில் மலையேற்ற பூட்ஸுக்கான ஒன்றரை மீட்டர் லேஸ் ஒரு பெட்டி நிறைய இருந்தது. சங்கீதா மூட்டையின் கோட்டை மூன்று இடத்தில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மூட்டை கன்னியாகுமரியில் போய் மோதியது. சைரா கைதட்டினாள்.

அடுத்து சங்கீதா. இடுப்பில் ஒன்று, தொடையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, மணிக்கட்டுக்கு ஒவ்வொன்று. இமயத்தின் உச்சியில் நின்று, பின்னால் இழுக்கிற மனசு எங்கேயாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, காலைத் தூக்கினாள். காற்று இம்முறை அவளைப் பிடிக்கவில்லை, உரசிக்கொண்டு போனது. வேலூர்ப் பலகை வந்தது, போனது. மதுரை வந்தது. மதுரையும் போனது.

மேடை வந்தபோது இறங்கி நிற்கக் கால் வேண்டும் என்பது அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு காலும் ஒரே கட்டாகக் கிடந்தன. முழங்கால் மேடையில் தேய, முகம் பெருமாளின் தொப்பையில் போய்ப் புதைந்தது. மூட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை, மூட்டை நிற்கவேண்டியதில்லை.

"ஆள் தாங்கிப் புடிச்சா அது இறங்குறதா?" என்றார் வக்கார் அகமது. குரலில் பழைய உறுதி இல்லை, ஆனால் விதி விதிதான். "கயிறு வேணாம், இப்ப பெருமாளே வேணுமா? நாப்பது பேரு இப்படி விழுந்தா அவன் உடம்பு தாங்குமா? நாளைக்குக் காலைல பத்து மணி. நின்னு காட்டு. இல்லன்னா சூரியபிரகாஷ்."

அவர் போய்விட்டார். சங்கீதா மேடைப் படியில் உட்கார்ந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். லேசைத் தளர்த்தினால் கால் நகரும்; ஆனால் கோட்டு விரியும். இறுக்கினால் கோட்டு அடங்கும், கால் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு உண்டா என்று மூன்று தடவை போய்வந்து பார்த்தாள். இல்லை. ஒரு தடவை மதுரை, இரண்டு தடவை பெருமாளின் தொப்பை.

"எதுக்கு ரெண்டு காலையும் சேத்துக் கட்டுற?" என்றாள் சைரா. கோட்டை விரல் நடுவில் வைத்து, துணியின் போக்கைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சேத்து இருக்கே கோட்டு. பாவாடை மாதிரி."

"முன்னால பட்டன் இருக்கு. கீழ இருக்கற மூணைக் கழட்டிட்டா முன்பக்கம் ரெண்டாயிடும். பின்னால நடுவுல இது இன்னா? தையல். ரெண்டு துண்டைச் சேத்து அடிச்சிருக்கான், அதுவும் சங்கிலித் தையல், நூலோட நுனியப் புடிச்சு இழுத்தா வந்துடும். இடுப்பு வரைக்கும் பிரிச்சா பின்பக்கமும் ரெண்டாயிடும். ஒரு காலுக்கு ஒரு பாதி. தனித்தனியா சுத்திக் கட்டு. பாவாடையை பேண்ட் ஆக்கிட்டுப் போயேன்."

சங்கீதா அவளைப் பார்த்தாள். ஆறு வருடம் ஷூ எங்கே பிய்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, எங்கே பிரிக்கலாம் என்று தோன்றவில்லை.

சைரா கழுத்தில் தொங்கிய நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். லீவு நாளிலும் அதைக் கழற்ற மறந்திருந்தாள். ஒரு நுனியை வெட்டி இழுத்ததும், தையல் இடுப்புவரை சரசரவென்று வந்தது. வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது, கம்பியைப் பூட்டும் நேரம். சோதனை காலைக்குத்தான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு பஸ் வந்தது. சுடிதாரில் வந்த நாற்பது பெண்களும் இறங்கி, காஷ்மீரில் மூக்கைப் பொத்தி, ராஜஸ்தானில் ஒட்டகத்தின் முன் ஆடி, பத்து மணிக்குக் கம்பிக்கு அடியில் திரண்டார்கள். சூரியபிரகாஷ் புதுச் சட்டை போட்டு, விசிலுக்காகக் காத்திருந்தான். வக்கார் அகமது மேடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெருமாளை மேடையை விட்டுத் தள்ளி, பத்தடி தூரத்தில் நிற்கவைத்தார். கயிறு அவர் காலடியில் சுருட்டிக் கிடந்தது.

சங்கீதா கோட்டின் ஒவ்வொரு பாதியையும் ஒவ்வொரு காலில் சுற்றி, தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் கட்டினாள். கைகளை மடக்கிப் பார்த்தாள். நடந்து பார்த்தாள். நடக்க முடிந்தது. குதித்தாள்.

கீழே நாற்பது பேரும் ஊர் ஊராக எண்ணினார்கள். டெல்லி. போபால். ஹைதராபாத். வேலூர். மதுரைக்கு வந்ததும் சத்தம் அடங்கியது. சைரா எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். மதுரை அவளுக்குக் கீழே பின்னால் போயிற்று. மேடையின் விளிம்பு வந்தது. இடது காலை முதலில் வைத்தாள், வலது காலை வைத்தாள், இரண்டடி ஓடினாள், நின்றாள். ஸ்பிரிங் தொட்டதே தவிர அடிக்கவில்லை. வக்கார் அகமதுவின் முழங்காலுக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

அவர் எழுந்து, நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார். "ஏசியில உக்காந்திருக்க வேண்டியவ," என்றார். பிறகு பேனாவை நீட்டினார்.

சங்கீதா கையெழுத்துப் போட்டாள். இருபத்தைந்து நாளில் முதல் தடவை, தன் பேருக்கு நேரே.

நாற்பது கோட்டுகளை விநியோகித்ததும், விடுமுறைக்கு வந்த நாற்பது தையல்காரிகளும் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து தையல் பிரிக்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார்கள். நாற்பது கோட்டு போச்சே என்று வக்கார் அகமது முணுமுணுத்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அன்று மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கு இல்லாததால், சற்று மெதுவாகவே வேலை செய்ததாகப் பின்னர் சைரா சொன்னாள்.

முதல் ஆளை அனுப்ப விசில் ஊதுவதற்கு முன், சங்கீதா பதிவேட்டில் அன்றைய தேதிக்குக் கீழே, அடுத்து வருகிற எந்த சூப்பர்வைசருக்கும் புரியும்படி எழுதி வைத்தாள்: கோட்டின் கீழ் மூன்று பட்டனைத் திறந்து விடவும். பின்பக்க நடுத் தையலை இடுப்புவரை பிரிக்கவும். ஒவ்வொரு பாதியையும் ஒவ்வொரு காலில் சுற்றி, தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் தனித்தனி லேஸால் கட்டவும். மணிக்கட்டிலும் இடுப்பிலும் ஒவ்வொன்று. இரண்டு காலையும் சேர்த்துக் கட்டக் கூடாது. இப்படிக் கட்டினால் நாற்பத்துநாலு கிலோ ஆளும் நிற்காமல் மேடைக்கு வந்து, தன் காலில் இறங்கலாம்.